பேர் கூப்பிட்ட மெஷின்

கண்டியிலிருந்து புசல்லாவை போகிற பஸ். கண்ணாடியெல்லாம் பனி பூத்திருந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"எங்க மாமியாரு ஒரு மெஷினுக்குத்தான் வாயத் தொறந்தாங்க, அக்கா."

"என்ன மெஷின்?"

"வாதம் வந்து பேச்சு நின்னவங்களுக்குன்னு காம்பஸ்ல படிப்பிக்கிற ஒரு மிஸ், கையும் சக்கரமும் வச்ச ரோபோ செஞ்சிருக்காங்க. இங்க அப்படி செஞ்ச மொத பொம்பள அவங்கதானாம். ஹந்தானை தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தவங்க."

"தமிழ் பேசுதா?"

"மொதல்ல, 'வணக்கம் அம்மா, நலமா'ன்னு கேட்டுச்சு. மாமியாரு செவுத்தயே பாத்துக்கிட்டு இருந்தாங்க. மிஸ் யோசிச்சுட்டு அதுல என்னமோ தட்டுனாங்க. ஒடனே, மாமியாரு கொழுந்து பறிச்ச காலத்துல காலையில பெரட்டுக் களத்துல கங்காணி வேலைக்குப் பேர் கூப்பிடுவாருல்ல, அதே மாதிரி 'மாரியாயி'ன்னு கூப்பிட்டுச்சு."

"அப்புறம்?"

"'இருக்கேங்க'ன்னாங்க. எட்டு மாசத்துக்குப் பொறகு."

பஸ் ஒரு வளைவில் மெதுவாகத் திரும்பியது.

"படுத்தே கெடந்தவங்க, மெல்ல எறங்கி அது கையப் புடிச்சாங்க. 'வா புள்ள, பிந்துனா வெரட்டிருவாங்க'ன்னாங்க."

"மிஸ் என்ன செஞ்சாங்க?"

"சார்ஜ் வயரக் கழட்டி விட்டாங்க. ரெண்டு பேரும் வாசல் வரைக்கும் வேலைக்குப் போனாங்க."