ஆறடித் தொட்டிக்கு ஒத்துப்போகும் மீன்கள்

ஏஞ்சல் மீன் இருக்கிற தொட்டியில் நியான் டெட்ரா விடக் கூடாது, மேடம். வீட்டில் மீன் வளர்க்கிறவர்கள் செய்கிற முதல் தவறு அதுதான். குட்டியாக வாங்கும்போது இரண்டும் சேர்ந்து நீந்தும், பார்க்க அழகாக இருக்கும். ஏஞ்சல் வளர்ந்ததும் நியான் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். வீட்டுக்காரர் கடைக்காரரைப் போய்த் திட்டுவார். ஏஞ்சலுக்கு இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வாய்க்குள் அடங்குகிற அளவில் ஒன்று எதிரே வந்தால் விழுங்கும், அவ்வளவுதான்.

நீங்கள் என் தங்கையைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். தொட்டியைச் சொல்லாமல் ஜெப்ஸியைச் சொல்ல முடியாது.

மில்லர்புரத்தில் அப்பா கட்டிய வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நானும் ஜெப்ஸியும் மட்டும் இருந்தோம். நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் ஒரு புத்தகம், கொஞ்சம் அமைதி, எனக்கு அது போதும். ஜெப்ஸிக்குப் போதாது. பாத்திரம் கழுவும்போது கீர்த்தனை பாடுவாள். கூட வேலை பார்க்கிற டீச்சர்களோடு ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள். நான் ஒரு பக்கம் புரட்டுவதற்குள், "யண்ணே, ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கிய?" என்று வந்து நிற்பாள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன்.

ஆறடித் தொட்டி என்னுடைய நெடுநாள் ஆசை. தண்ணீர் நிரப்பினால் முக்கால் டன் எடை வரும். மாடியில் வைக்க முடியாது. நேர் வெயில் பட்டால் பாசி பிடிக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பொருத்தமான இடம் ஒன்றுதான், கீழே பின்பக்கத்து அறை. அதில் ஜெப்ஸி இருந்தாள். அவளை மாடிக்கு அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் போயிருப்பாள். பாட்டும் கூடவே மாடிக்குப் போயிருக்கும். மாடியில்தான் என் புத்தகங்கள் இருக்கின்றன.

மீன்களைத் தேர்ந்தெடுக்கவே ஒரு வருஷத்துக்குப் பக்கமாக ஆயிற்று. நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. மீன் கடை மந்திரமூர்த்திக்கு அதெல்லாம் புரியாது.

"எல்லாம் ஒண்ணுமண்ணா ஓடும் அண்ணாச்சி. நடுவுல ஒரு ஆஸ்கர் போடுங்க, கம்பீரமா இருக்கும்" என்பான்.

"ஆஸ்கர் மத்ததைத் தின்னுருமே."

"தின்னா என்ன, வேற வாங்கிக்கிடலாம்லா? கடை எங்க ஓடிப்போகுது?"

உயிரைப் பற்றி இவ்வளவு அலட்சியமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. டைகர் பார்ப் வேண்டாம் என்று முடிவு செய்தேன், அது ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கடிக்கும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் கேட்கும். கடைசியில் ஏஞ்சல், முத்து கௌராமி, அடியில் மேய்கிற சில சிறு மீன்கள் என்று முடித்தேன். ஒவ்வொன்றும் என்ன தின்னும், எந்த மட்டத்தில் நீந்தும், எதைக் கண்டால் ஒதுங்கும் என்று படித்துவிட்டுத்தான் முடித்தேன்.

அதே கவனத்தோடுதான் மாப்பிள்ளையும் பார்த்தேன்.

ஜெயபாய் சித்தி முதலில் கொண்டுவந்த இடம் ஏரல். பையன் பெயர் எஸ்றா, பள்ளிக்கூட வாத்தியார். ஜெப்ஸி சொன்னதற்கெல்லாம் சிரித்தான். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் தனியாயிருவாங்களேன்னு யோசிக்காண்டாம். வாராவாரம் வந்துருவோம். வேணும்னா இங்கனயே இருந்துக்கிடுவோம்" என்றான். அவன் என் கையை விட்டதும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

சித்தி சண்டைக்கு வந்தாள். "ஏலே நேசா, அவளுக்கு அவனப் பிடிச்சிருக்குலே. தங்கமான பய. என்னலே குறையக் கண்ட?"

"ஒத்துவராது சித்தி."

ஜெப்ஸி ஒரு நாள் முழுக்கப் பாடவில்லை. பிறகு, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அவளிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

அடுத்து வந்த ஷாம் சாத்தான்குளத்துக்காரர். லாரி வைத்திருந்தார். மனைவி இறந்துபோயிருந்தாள். பேச்சு குறைவு. பெண் பார்க்க வந்த அன்று அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "கலியாணம் முடிஞ்சா பொம்பள பெறந்த வீட்டுக்கு அலையக் கூடாது." எனக்கு முழுத் திருப்தி.

எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் வாசிப்பார். முதல் ஓலை வாசித்த வாரத்தில் ஒருவர் என் ஆபீசுக்கு வந்தார். ரெக்ஸ் என்றார். ஷாமின் முதல் மனைவிக்குத் தம்பி.

"எங்க அக்கா படியில வழுக்கி விழல அண்ணாச்சி. எங்களால நிரூபிக்க முடியல. நான் வந்து தடை சொன்னா பகையில சொல்லுதாம்பாங்க. நீங்க சொன்னா நிக்கும். ஒங்க தங்கச்சியையாவது காப்பாத்துங்க."

டீ வாங்கிக் கொடுத்தேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் கேட்டேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு ஓலை வாசித்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும் வாசித்தார்கள். தடை உண்டா என்று கேட்டுவிட்டுக் குருவானவர் கொஞ்சம் நிறுத்துவார். மேலே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அவ்வளவு நிறைவான மௌனத்தை நான் எந்த ஆராதனையிலும் அனுபவித்ததில்லை.

கலியாணம் முடிந்த மாதமே தொட்டி வந்துவிட்டது. சாயங்காலம் அதன் முன்னால் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. இடையில் ஒரே ஒரு சிக்கல். இரண்டு ஏஞ்சல்கள் ஜோடி சேர்ந்துகொண்டு மூன்றாவதை விரட்டி விரட்டி அடித்தன. அது ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அடிபட்ட மீனை அன்றைக்கே பிரிக்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றால் செத்துவிடும். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, ஜெப்ஸியின் பழைய மேஜைமேல் சின்னத் தொட்டி ஒன்று வைத்து அதில் விட்டேன்.

போன ஞாயிறு மத்தியானம் ஜெப்ஸி வந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை. நேராகத் தன் அறைக்குப் போனாள்.

"யண்ணே, என் கட்டில் எங்க?"

"குடுத்துட்டேன்."

சின்னத் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "இது மட்டும் ஏன் தனியா கெடக்கு?"

"மத்தது போட்டு அடிச்சுது. அதான் பிரிச்சு வச்சிருக்கேன்."

அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு எல்லாம் சொன்னாள். "மொத பொண்டாட்டிய எப்படித் தள்ளினேன்னு அவரே சொல்லுதாரு அண்ணே. நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். அதுவரைக்கும் இங்கன இருந்துக்கிடுதேன்." முகம் கழுவிக்கொண்டு வந்து டிவியைப் போட்டாள். சத்தமாகத்தான் வைத்தாள். நான் பின்கட்டுக்குப் போய்ப் போனை எடுத்தேன்.

சாயங்காலமே ஷாம் காரோடு வந்தார். கையில் மஸ்கோத் அல்வாப் பொட்டலம். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெப்ஸி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அல்வாவை வாங்கி உள்ளே வைத்தேன். அவர் அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலையில், படியில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டாள் என்று செய்தி வந்தது.

ஷாமைப் பிடித்துவிட்டீர்கள். என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று முதலில் புரியவில்லை. என் நம்பரிலிருந்து அவருக்குப் போன அழைப்பைக் காட்டினீர்கள். என்ன பேசினேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

"ஜெப்ஸி இங்கன இருக்கா மாப்பிள்ளை, வந்து கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவர், "என்னமும் சொன்னாளா மச்சான்?" என்று மெதுவாகக் கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடிப்பதோடு விட்டிருப்பார் என்கிறீர்கள். எனக்கும் அது அப்போதே தோன்றியது. அடி மட்டும் வாங்கினால் அவள் திரும்பவும் வருவாள் என்பதும் தோன்றியது.

"எல்லாம் சொல்லிட்டா மாப்பிள்ளை, அந்த மொத ஆள் விஷயத்தையும் சேத்து. நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறாளாம்" என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, மேடம்.