குங்குமம் வைத்த பேட்டரி

நாற்காலி வேண்டாம் சார், நடந்துகொண்டே சொல்கிறேன். நானாக வந்தவன், ஓடிவிட மாட்டேன். ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார இப்போதெல்லாம் முடிவதில்லை.

ரேணிகுண்டா அருகே பேட்டரி ஆட்டோவுக்கு மின் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற கம்பெனியில் இருக்கிறேன். எந்த ஃபியூஸ், எந்தப் பாதுகாப்புப் பாகம் என்று தேர்ந்தெடுப்பது என் வேலை. ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. வயர் எண்பது ஆம்பியர் தாங்குமென்றால் ஃபியூஸ் அதற்கு முன்பே போய்விட வேண்டும். பேட்டரியை யாராவது தலைகீழாக மாட்டினால் கரண்டை உள்ளே விடாத பாகம் ஒன்றும் உண்டு.

முதல் மாதிரியில் இரண்டையும் சரியாகவே போட்டேன். ஆளேற்றி மேடு ஏறினால் ஃபியூஸ் போனது. மே மாத வெயிலில் அந்தத் தடுப்புப் பாகம் கொதித்தது. அந்த வருஷம், 2019இல், பெட்டி குறித்த தேதியில் தேறினால் என்னை ஜெர்மனிக்கு அனுப்புவதாகப் பேச்சு. தடுப்பை எடுத்தேன். ஃபியூஸை நூற்றைம்பது ஆக்கினேன். பெட்டி தேறியது.

சோதனைக்கு மூன்று ஆட்டோக்கள் ஓடின. ஒன்று குடிபாலாவில், என் அக்கா அம்சவேணியின் கணவர் தாமோதரனுடையது. செப்டம்பரில் மற்ற இரண்டிலும் வயர் உறை இளகியிருந்தது. காரணம் பார்க்கத் தலைமை அலுவலகத்து ஆள் வருவதாகச் சொன்னார்கள். எனக்குத் தூக்கம் போனது. ஓட்டுபவர் தவறால் ஒரு வண்டி எரிந்தால் மற்ற இரண்டையும் அதே காரணத்தில் அடக்கிவிடலாம் என்று தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான்.

ஆயுத பூஜையன்று காலை மாமா போன் செய்தார்.

“மச்சான், பேட்டரியக் கழட்டிக் கழுவினேன். உங்கக்கா ரெண்டு முனையிலயும் மஞ்ச பூசி குங்குமம் வெச்சிட்டா. எது பிளஸ்ஸுன்னே தெர்ல.”

“தொடச்சிப் பாருங்க மாமா.”

பின்னாலிருந்து அக்கா குரல். “பூஜ வெச்சத இன்னிக்கே தொடைப்பாங்களாடா? ஜெர்மனி போறதுக்கு முந்தியே தொரை ஆயிட்டியா?”

மாமா சிரித்தார். “கோயில சுத்திக்கினு வரணும், எல்லாரும் காத்துக்கினு கீறாங்க. சொல்லு மச்சான், செவப்பு வயரு எந்தப் பக்கம்?”

அந்தப் பேட்டரியைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன் சார். பிளஸ் வலது பக்கம்.

“இடது பக்கம்” என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

ஃபியூஸ் போவதற்குள் வயர் பற்றிக்கொண்டது. சீட்டுக்கடியில் தலையை விட்டிருந்தார். மூன்றாம் நாள் வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்தார். கம்பெனி அறிக்கையை எழுதியது நான்தான்: ஓட்டுநர் பேட்டரியைத் தலைகீழாக மாட்டியதால் தீ. அதில் பொய் எதுவும் இல்லை. தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன் என்பதை மட்டும் எழுதவில்லை.

காரியத்தன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீ சரியாத்தான் சொல்லியிருப்ப, அவருதான் மாத்தி மாட்டிட்டாரு. நான் மஞ்ச பூசாம இருந்திருந்தா உன்னக் கேட்டே இருக்க மாட்டாரேடா.”

அவளை நான் ஒரு வார்த்தை ஏசவில்லை. என்னை அழைத்துப் போவதற்கு முன் அவளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள் சார்: அந்த மஞ்சளுக்காக அவளை நான் அன்றே மன்னித்துவிட்டேன்.