எனக்கு வலப்பக்கம் நின்றவன்

இந்த நாற்காலிக்குக் கைப்பிடி இல்லாதது நல்லதாயிற்று, டாக்டரம்மா. முன்னூறு பவுண்டு ஆளுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி பெரிய தொல்லை. எழுந்தால் அதுவும் கூடவே எழுந்து வரும். ஓடெல் பிரிட்செட் ஒரு கல்யாணத்தில் அப்படியே நாற்காலியோடு நடந்துபோய் மணப்பெண்ணுக்குக் கைகொடுத்துவிட்டு வந்தான். வேண்டுமென்றேதான் செய்தான். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் தலையலங்காரமே கலைந்துபோயிற்று.

அவனுடைய மூளையை நீங்கள் ஆராய்ந்து முடித்துவிட்டீர்கள். இனி, அவன் எப்படி இருந்தான் என்று கூட இருந்தவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். அவன் மனைவி மார்லீன், டேல் கோவாச் என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். சரியான ஆளைத்தான் காட்டியிருக்கிறாள். ஞாபகம் எப்போது குறைய ஆரம்பித்தது என்பதுதானே கேள்வி? அவனுடைய ஒன்பதாவது சீசனுக்கு முன்னால், ஜூலை பதினாறு, காலை பத்தரை மணி. இத்தனை துல்லியமாக வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் எங்கள் அமெரிக்க ஃபுட்பால் பார்ப்பதில்லை என்றீர்கள். பரவாயில்லை, பார்க்கிறவர்களும் எங்களைப் பார்ப்பதில்லை. நான் சென்டர். குனிந்து நின்று, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் தள்ளிக் கொடுப்பவன். எனக்கு வலப்பக்கம் ஒட்டி நிற்பவன் கார்டு, காவல்காரன். அதுதான் ஓடெல். பந்து கை மாறியதும் எதிரே நிற்கிற தடியன்கள் மேலே வந்து விழுவார்கள். தலையாலும் தோளாலும் முட்டி அவர்களை நிறுத்துவது எங்கள் வேலை. ஓர் ஆட்டத்தில் அறுபது எழுபது தடவை. பதினோரு வருடம் அவன் அங்கே நின்றான். என் கல்யாணம்கூட அத்தனை வருடம் தாங்கவில்லை.

மிசிசிப்பிக்காரன், வாய் ஓயாது. என் அப்பா ஓஹையோவில் வார்ப்படத் தொழிலாளி. "டேய் கோவாச், உன்ன உங்கம்மா பெத்தாங்களா, இல்ல உங்கப்பா வார்த்து எடுத்தாரா?" என்பான். வியாழக்கிழமைகளில் தடுப்பு வரிசைக்காரர்கள் ஐந்து பேரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். என் தட்டைப் பார்த்து, "அந்த எலும்ப ஏன்டா அனாதையா விட்டுட்ட? குடு இங்க, நான் வளத்துக்கறேன்" என்பான்.

ஜூலைக்கு வருகிறேன். சீசனுக்கு முன்னால் கணினியில் ஒரு தேர்வு வைப்பார்கள். சில வார்த்தைகளைக் காட்டி, பிறகு எவை வந்தன என்று கேட்பார்கள். சில உருவங்கள், சில எண்கள். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே தேர்வு மறுபடி. ஜூலை மதிப்பெண்ணைவிடக் குறைந்தால் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் நாங்கள் எல்லோரும் ஜூலையில் வேண்டுமென்றே தப்பாக எழுதுவோம். ஓடெலுக்கு முதல் வருடமே நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. புதிதாக வருகிறவனுக்கு லாக்கரைக் காட்டுவது மாதிரி இதையும் காட்டுவோம்.

அந்த ஒன்பதாவது ஜூலையில் அவன் அறையை விட்டு வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கோவாச், இந்தத் தடவ நான் சரியாத்தான்டா எழுதப் பாத்தேன்" என்றான்.

அணி டாக்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். முதல் வருடம் ஏமாற்றி எழுதியதைவிட மதிப்பெண் கீழே போயிருந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வருஷத்துக்கு வருஷம் நடிப்பு முத்திப்போச்சு ஓடெல், இதுக்கு மேல போனா செத்தவன் மார்க்குதான்" என்று அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார். ஓடெலும் சிரித்தான். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். நானும் சிரித்தேன்.

அதன்பிறகு நான் செய்தது உதவி. ஆட்டத்தின் நடுவே எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அவனுக்கு மறந்துபோகும். அவனுக்கு மட்டும் இரண்டு சொற்களை வைத்துக்கொண்டேன். "கெளுத்தி" என்றால் வலது, "சோளரொட்டி" என்றால் இடது. அவன் ஊர்ச் சாப்பாடு, அதனால் மறக்காது. எதிரணிக்காரர்கள், "என்னடா, இன்னும் டிபன் வரலயா?" என்று கிண்டல் செய்வார்கள். ஒருவன் தடுமாறினால் பக்கத்தில் நிற்பவன் தாங்கிக்கொள்வான். அணி என்றால் அதுதானே.

அக்டோபரில் மார்லீன் என் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பொண்ண கூட்டிட்டு வரப் போனவரு நடுவழியில காரை நிறுத்திட்டு, எந்த ஸ்கூல்னு போன்ல என்னையே கேக்கறாரு, டேல். எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்குத் தெரியாம அவருகிட்ட எதுவும் இல்ல. ஏதோ இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நாளைக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

"புதுசா நாப்பது ஆட்டமுறை மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்காங்க, மார்லீன். எனக்கே என் பேரு மறந்துபோகுது" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டுக் காபி கேட்டாள். போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பரில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தில், மூன்றாவது கால்பகுதியில், ஓடெல் மண்டியிட்ட நிலையிலிருந்து மெல்ல எழுந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அழவில்லை. மிகவும் மரியாதையாகப் பேசினான்.

"கோவாச், இங்க நான் என்ன பண்ணணும்னு தெரியலடா. வீட்டுக்குப் போகணும். மார்லீன கூப்புடறியா?"

அணி டாக்டர் முப்பது அடி தள்ளி, எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றிருந்தார். நான் ஒரு கையைத் தூக்கினால் போதும். நடுவர் அருகே வந்து, "ஆளு நல்லா இருக்கானா?" என்று கேட்டார். "ஷூ கயிறு சார்" என்றேன். குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். பிறகு அவன் கையைப் பிடித்து அவனுடைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இந்த ஒண்ணு மட்டும்டா. அப்புறம் வீட்டுக்குப் போயிடலாம்."

"சரிடா" என்றான்.

அன்றைக்கு அவன் இன்னும் பதினான்கு தடவை அதையே கேட்டான். பதினான்கு தடவையும் நான் அதே பதிலைச் சொன்னேன். முந்தைய தடவை சொன்னது நினைவில்லாததால் ஒவ்வொரு தடவையும் என்னை நம்பினான்.

அவனுக்கு ஆட்டம்தான் உயிர், அதனால்தான் விட்டேன் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் நீங்கள் முழுதாகக் கேட்கிறீர்கள். என் இடது முட்டி அந்த வருடம் போய்விட்டிருந்தது. என் எதிரே வருகிறவனைத் தனியாக நிறுத்த என்னால் முடியாது. ஓடெல் தன் ஆளையும் முட்டி, என் ஆளையும் பாதி முட்டினான். அந்தப் பாதி அவன் தலையில் விழுந்தது. அவனை உட்கார வைத்தால் இரண்டே வாரத்தில் எனக்கு வேலை இருக்காது. முப்பத்தைந்து வயதில் எனக்கு வேறு எதுவும் தெரியாது. பனியில் அவன் வீட்டுக்குப் போகணும் என்று கேட்டபோது நான் நினைத்தது என் முட்டியைத்தான். அதன்பிறகு இரண்டு முழு சீசன்கள் அவனை என் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தேன்.

நாற்பத்தேழு வயதில், கவனிப்பு இல்லத்தில், விழுங்குவது எப்படி என்று மறந்து செத்துப்போனான். கடைசி மாதங்களில் வாரம் இரண்டு முறை போவேன். கரண்டியில் ஊட்டுவேன். நான் யாரென்று தெரியாது. ஆனால் நான் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால் கலங்கிப் போவான், இடப்பக்கம் மாறி உட்கார்ந்தால் அமைதியாவான். களத்தில் நான் நின்ற பக்கம் அதுதான், டாக்டரம்மா.

அடக்கம் முடிந்ததும் மார்லீன் என்னிடம் கேட்டாள். "போதும், நிறுத்திக்கலாம்னு அவரு ஒரு தடவையாவது சொன்னாரா, டேல்?"

"ஒரே ஒரு தடவ வாய் தொறந்து கேட்டிருந்தா, தூக்கிட்டு வந்து உன் கையில குடுத்திருப்பேன், மார்லீன்" என்றேன்.

அவள் என் மார்பில் சாய்ந்து அழுதாள். கடைசி வரைக்கும் கூட இருந்ததற்கு நன்றி என்றாள். அவளுக்கு அது பெரிய ஆறுதல். அதனால் அந்த டிசம்பர் விஷயத்தை மட்டும் உங்கள் அறிக்கையில் எழுத வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை, அவளுக்காகத்தான் கேட்கிறேன்.