ஆறாவது கேள்வியை அடித்தவன்

டாக்டர் வெண்டல் ஸ்ட்ரவுட் கடந்த செவ்வாய்க்கிழமை மாலை நாலே காலுக்கு, நெடுஞ்சாலையோரம் வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டு, மாரடைப்பில் இறந்துபோனார். முன்னால் போன காரில் மார்லி என்ற பெண் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். அறுபது மைல் தள்ளித்தான் பிரசவ வார்டு. வழியில் ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று பின்னாலேயே போனவர் அவர். தாயும் பிள்ளையும் நலம்; அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள்.

இந்த அஞ்சலிக் கூட்ட மேடையில் வீற்றிருக்கும் போதகர் அவர்களே, டாக்டரின் துணைவியார் லொரீனா அம்மையார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் சட்டமன்ற உறுப்பினர் லைல் வின்ஃபீல்ட் அவர்களே, டோவர் கிரீக் மக்களே! நான் ராய்ஸ் ஹேட்லி. டயரும் டிராக்டரும் விற்கிறவன். அலங்காரமாகப் பேச வராது.

முப்பத்தெட்டு ஆண்டுகள்! இந்த அரங்கில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள்தானே? கருக்கலைப்புக்கு அவர் ஒருநாளும் இணங்கியதில்லை. உயிர் ஆண்டவர் கொடுத்தது என்றார். சொன்னதோடு நின்றாரா? கல்யாணமாகாமல் வயிற்றில் பிள்ளையோடு வந்த பெண்களைத் தன் வீட்டு மாடியில் தங்கவைத்தார். ஊர் முணுமுணுத்தபோது, "பெத்துக்கோன்னு சொன்ன வாய் நம்மளது. பிள்ளையைத் தாங்குற கையும் நம்மளதாத்தானே இருக்கணும்?" என்றார்.

தேர்தல் வந்தால் நம் திருச்சபையின் குடும்பக் குழு ஓர் அட்டை அச்சடிக்கும். கருவிலிருக்கும் உயிர், திருமணம், மனசாட்சிக்கு ஒவ்வாத சிகிச்சையை மறுக்க மருத்துவருக்கு உரிமை, வீட்டுக் கல்வி, பள்ளியில் ஜெபம் என்று வேட்பாளருக்கு ஐந்து கேள்விகள். ஐந்துக்கும் 'ஆம்' என்றவருக்கே நம் ஓட்டு. போன முறை அட்டையைத் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது; டாக்டர் என்னிடம் ஆறாவதாக ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார்: "நம் பிரசவ வார்டை மூடவிடாமல் காப்பீர்களா?"

"டாக்டரே, இது எதிர்க்கட்சிக்காரன் கேக்குற கேள்வி மாதிரியில்ல இருக்கு! நம்ம ஆளையே எதுக்குக் குடையுறீங்க?" என்றேன்.

"ராய்ஸ், டிராக்டர் வாங்கும்போது உதிரி பாகம் கிடைக்குமான்னு கேக்காம வருவியா நீ? பெத்துக்கோன்னு சொல்றோம். எங்க போய்ப் பெத்துக்கும் அந்தப் பொண்ணு?"

"அதெல்லாம் லைல் பாத்துக்குவாருய்யா."

அந்தக் கேள்வியை அடித்த பேனா என்னுடையது. ஆம், நான்தான்!

வின்ஃபீல்ட் ஐயா ஐந்துக்கும் 'ஆம்' என்றார். டாக்டர் கைக்குழந்தையோடு பக்கத்தில் நிற்கும் படம் போட்டு ஜெயித்தார். பதினாலே மாதத்தில் சிற்றூர் மருத்துவமனைகளின் மானியத்தை வெட்டக் கை தூக்கினார். முதலில் பூட்டு விழுந்தது பிரசவ வார்டுக்கு. டாக்டர் போன் போட்டார். என்ன பதில் வந்தது தெரியுமா?

"பிரதர், கொடுத்த அஞ்சு வாக்கையும் காப்பாத்திட்டேனே! இதை நீங்க கேக்கவே இல்லையே?"

போனை வைத்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார். "அவர் பொய் சொல்லல ராய்ஸ். அதுதான் வலிக்குது."

என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை!

யூதாசுக்காவது முப்பது வெள்ளிக்காசு கிடைத்தது. எனக்கு? சட்டையில் குத்திக்கொள்ள ஒரு தேர்தல் வில்லை! வின்ஃபீல்ட் ஐயா, வாசலில் என் தோளைத் தட்டி, "சுருக்கமா முடிச்சிடுங்க பிரதர்" என்றீர்கள். முடித்துவிடுகிறேன்.

இன்று காலை லொரீனா அம்மையாரின் சமையலறையில் பேசி முடித்தோம். நெடுஞ்சாலையில் உள்ள என் டயர் கிடங்கு இனிப் பிரசவ இல்லம். வேலையிழந்த வார்டு நர்ஸுகள் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். டாக்டரின் கொள்கைப்படி அங்கே எந்த உயிரும் அழிக்கப்படாது. வருகிறவளிடம் கல்யாணமானவளா என்றும் கேட்கப்படாது. எந்த அரசியல்வாதியின் பெயரும் பலகையில் ஏறாது. வாடகை ஆண்டுக்கு ஒரு டாலர், முப்பது ஆண்டுகளுக்கு. அம்மையார் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: அடுத்த தேர்தல் அட்டையில் அந்தக் கேள்வி முதல் கேள்வியாக வர வேண்டும், அடித்த அதே பேனாவால் அதை நானே எழுதிக் கையெழுத்திட வேண்டும். சம்மதித்தேன்.