ஒரே மாதிரி ரெண்டு மூட்டை

— அதோ பக்கத்து வூட்டு அம்மாசி மாட்ட லாரியில ஏத்துறாங்க பாருங்க, சுப்பராமன் சார். வால முறுக்கினாதான் ஏறுது. அந்தாளு மாதிரியே அவன் மாடும்.

— தேவானை, கார்ப்பரேஷனுக்கு மனு குடுத்து மாடு பிடிக்கற லாரியை வரவழைச்சது நீதானா?

— பின்ன? என் நைலக்ஸ் சேலையத் துன்னுச்சே, அதுக்கு மாலையா போடுவாங்க? கேட்டா, மாட்டுக்கு இன்னா தெரியும் நைலக்ஸுன்றான். அன்னியிலேர்ந்து அந்தாளோட பேச்சே கெடையாது.

— உன் சேலைக்காக என் ஆராய்ச்சியை லாரியில ஏத்திட்டியேம்மா. உங்க ரெண்டு பேர் மாட்டுல ஒண்ணுக்குத் தாது உப்பு கலந்த புதுத் தீவனம், இன்னொண்ணுக்குப் பழசு. எது கூடக் கறக்கறதுன்னு பாத்து டெல்லிக்கு அனுப்பணும். அதை வச்சுத்தான் எல்லா ஊர்லயும் மாட்டுக்கு என்ன போடறதுன்னு முடிவு பண்ணுவா.

— டெல்லி மாடெல்லாம் என் மாட்டக் கேட்டுக்கினுதான் துன்னுமா? பெருமையாத்தான் கீது.

— அந்தப் பெருமைக்கும் வழியில்லை. ரெண்டு மாடும் முன்னைவிட ஒரே அளவுக்குக் கூடக் கறக்கறது. ஏன்னு எனக்குப் புரியலே.

— இதுக்கா சார் இவ்ளோ படிச்சீங்க? நான்தான் தெனம் என் தீவன மூட்டையிலேர்ந்து அம்மாசி மாட்டுக்கும் ரெண்டு கை போட்டேன்.

— போடப்படாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.

— சொன்னீங்க. பக்கத்து மாடு பாத்துக்கினு நிக்கச் சொல்ல நம்ம மாட்டுக்கு மட்டும் போட்டா கண்ணு பட்டுடும். மடி வத்திப் பூடும். உங்க புஸ்தகத்துல அதெல்லாம் போடலியா?

— பேச்சுவார்த்தை இல்லாதவன் மாட்டுக்கு விருந்து வேற.

— மாட்டோட இன்னா சண்ட? அந்தாளு டீ குடிக்கப் போவச் சொல்ல போடுவேன். தெரிஞ்சா எளப்பமாப் பூடும். ஒரு வாளி தண்ணி குடுக்காத கஞ்சன்.

— இரு. உன் மூட்டையிலேர்ந்துதானே போட்டே?

— பின்ன? புதுத் தீவனம் என்கிட்டதான கீது.

— அப்படின்னு யார் சொன்னா?

— சொல்லணுமா? ரெண்டு மாட்டையும் பாத்தா குருடனுக்கே தெரியுமே, யாருக்கு நல்லது குடுக்கணும்னு.

— மூட்டை ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். யாருக்கு எதுன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியப்படாது. அதான் முறை. உன்கிட்ட இருக்கறது பழசும்மா.

— பழசா? அப்ப என் மாடு எப்டி சார் கூடக் கறந்துச்சு?

— புதுசு இருந்தது அம்மாசி மூட்டையில மட்டும்தான். நீ மாட வீதியில பால் ஊத்தப் போறச்சே, உன் மாட்டுக்கிட்ட யார் இருக்கா?

— …அந்தாளுதான்.

— ம். கண்ணு படும்னு அவனுக்கும் பயம் போலிருக்கு. தேவானை, எங்கே ஓடறே?

— யோவ் லாரி, நிறுத்துய்யா. மனு குடுத்தவ சொல்றேன், அந்த மாட்ட எறக்கு.