ஆறு நிமிடம் பத்தொன்பது நொடி

மணி அடிப்பது சுலபமான வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சுலபம்தான். ஒரு பித்தளை மணி, ஒரு மரச்சுத்தி, ஒரு ஸ்டாப்வாட்ச். மூன்று நிமிடம் ஆனதும் அடிக்க வேண்டும். ஒரு நிமிட ஓய்வுக்குப் பிறகு மறுபடி அடிக்க வேண்டும். பவானிபூரில் எங்கள் குத்துச்சண்டை கிளப்பில் பதினொரு வருடமாக ஞாயிறு காலைகளில் இதைச் செய்து வந்தேன். ஒவ்வொரு ரவுண்டின் நேரத்தையும் பதிவேட்டில் எழுதுவேன். அதில் ஒரே ஒரு பொய்தான் இருக்கிறது. அதைத் திருத்தத்தான் நானாகவே உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் பெயர் ஜெயந்த். வயது முப்பத்தெட்டு. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கேதான். எனக்கு வங்காளம் எழுதவும் தெரியும். ஆனாலும் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் செத்துப்போன பையனோடு நான் பேசியது தமிழில். மொழிபெயர்க்க ஒரு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டேன். இரவில் ஒரு ஐஸ்கிரீம் கிடங்கில் வேலை. குளிர் அளக்கும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முள்ளைப் பார்ப்பது எனக்குப் பழக்கம்.

எங்கள் கிளப்பின் வழக்கம் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒருமுறை யாருடைய போனோ அடித்ததை மணி என்று நினைத்து ஒருவன் கையை இறக்கி, தாடை உடைந்து போனான். அன்றிலிருந்து போன், வாட்ச் எல்லாம் வாசலில் உள்ள பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இரண்டாவது, மணி அடிக்கும்வரை ஆட்டத்தை நிறுத்த யாரும் ரிங் கயிற்றைத் தொடக் கூடாது. பயிற்சியாளர் ஷ்யாமல்தாவும் கூடத்தான். தொட்டால் அவமானம் உள்ளே நிற்பவனுக்கு. சுவரில் இருந்த மின்கடிகாரம் போன மழையில் தண்ணீர் ஏறிக் கெட்டுவிட்டது. ஆகவே அந்தக் கூடத்தில் நேரம் தெரிந்த ஒரே ஆள் நான்.

என் அப்பா இராமநாதன் பேங்க் குமாஸ்தாவாக இருந்தவர். எழுபத்தெட்டில், கிதிர்பூர் துறைமுகத்துக்கு வந்த ஒரு பர்மாக்கார மாலுமியோடு பத்து ரவுண்டு ஆடிப் புள்ளிகளில் ஜெயித்தார். கிளப் சுவரில் அந்தப் படம் மட்டும்தான் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. இப்போது அவருக்கு எழுபத்து நான்கு வயது. கை நடுங்குகிறது. சட்டைப் பொத்தான் போட முடியாது. தலையில் வாங்கிய அடிகள் சேர்ந்து செய்கிற வேலை என்று டாக்டர் சொன்னார். எங்கே மணி கேட்டாலும் எழுந்து நின்று முஷ்டியைத் தூக்குவார். அதனால் அம்மா பூஜையில் மணி அடிப்பதை நிறுத்தி ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் சாமிக்குச் சத்தமில்லாமல்தான் கற்பூரம் காட்டுவோம். அந்தப் பத்து ரவுண்டுக்குக் கொடுத்த விலை இது என்று நாங்கள் ஏற்றுக்கொண்டிருந்தோம். மாற்றாக எதுவோ கிடைத்திருக்கிறது என்றால் எதையும் ஏற்றுக்கொள்ள முடியும்.

உதய் ஆம்பூர்ப் பையன். இருபத்தைந்து வயது. சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நல்ல பையன். கை வேகம், கால் அதைவிட வேகம். என்னை அண்ணன் முறையில் 'ஜெயந்த்தா' என்று கூப்பிடுவான், பாதி வங்காளம், பாதி கிண்டல். பயிற்சி முடிந்ததும் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டே எங்களுக்குள் ஒரே சண்டை. இன்றைய ஆட்கள் அன்றைய ஜாம்பவான்களைத் தாண்ட முடியுமா, முடியாதா.

"ஓட்டத்துல, நீச்சல்ல பழைய ரெக்கார்டு ஏதாவது மிஞ்சுச்சா? குத்துல மட்டும் எப்படி மிஞ்சும்? இப்ப ஒரு ஆளு ஆடுறதுக்கு முன்னாடி எதிராளியோட நூறு வீடியோ பாக்குறான். என்ன சாப்பிடணும், எவ்ளோ தூங்கணும், எல்லாம் கணக்கு. உங்காளுங்க மூணாவது ரவுண்ட தாண்ட மாட்டாங்க, ஜெயந்த்தா."

"ஓட்டத்துல எதிராளி கடிகாரம்டா. இங்க எதிராளி மனுஷன். அவா பதினஞ்சு ரவுண்டு நின்னா. இப்போ பன்னெண்டுக்கே மூச்சு வாங்கறது. எங்கப்பா பேங்க்ல நாள் முழுக்கக் கணக்கு எழுதிட்டு வந்து பத்து ரவுண்டு நின்னார். உன்னால முடியுமா?"

"நீங்க பாத்தீங்களா?"

"நான் பொறக்கவேயில்ல. கேசட் இருக்கு."

கேசட்டை அவனிடம் கொடுத்த தப்பை நான்தான் செய்தேன். அப்பா ஆடிய அன்றைக்கு யாரோ ரிங் ஓரத்தில் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்த கேசட் அது. கூட்டத்தின் இரைச்சல், அடி விழும் சத்தம், மணி, அவ்வளவுதான். சின்ன வயதில் அதைத் தாலாட்டு மாதிரி கேட்டிருக்கிறேன். நேரம் பார்த்ததில்லை. பெருமாள் உயரத்தை யார் அளந்து பார்க்கிறார்கள்?

உதய் அளந்தான். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மணிக்கும் மணிக்கும் இடையே எத்தனை நொடி என்று குறித்துக்கொண்டு வந்தான். முதல் ஏழு ரவுண்டும் சரியாக மூன்று நிமிடம். எட்டாவது, இரண்டு நிமிடம் ஒன்பது நொடி. ஒன்பதாவது, ஒன்று ஐம்பத்திரண்டு. பத்தாவது, ஒன்று நாற்பது.

"மணி யாரு கைல இருந்துச்சு?" என்றான்.

"சுந்தரேசன்னு ஒருத்தர். அப்பாவோட பேங்க்ல வேலை பார்த்தவர். இப்போ இல்ல."

"ஃப்ரெண்டா? அப்ப சரி." சிரித்தான். "தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா நல்லாத்தான் ஆடியிருக்காரு. ஆனா பத்து முழு ரவுண்டு இல்லயே. ஞாயித்துக்கெழம ஆட்டம் முடிஞ்சதும் க்ரூப்ல போடுறேன். ஷ்யாமல்தா மூஞ்சியப் பாக்கணும்."

அவனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதையும் எழுதியாக வேண்டும்.

அந்த வாரம் கிடங்கில் முள்ளைப் பார்த்தபடி குறைந்த நொடிகளைக் கூட்டிப் பார்த்தேன். ஐம்பத்தொன்று, அறுபத்தெட்டு, எண்பது. நூற்றுத் தொண்ணூற்றொன்பது நொடி. அப்பா நிற்காத நேரம் அவ்வளவுதான். மூன்று நிமிடம் பத்தொன்பது நொடி. ஒரு ஆட்டத்தில் குறைந்த நேரத்தை வேறொரு ஆட்டத்தில் யாராவது நின்று தீர்த்தால் என்ன என்று தோன்றியது. இன்றைய ஆட்கள் அன்றைய ஆட்களைத் தாண்டுவார்கள் என்று சொன்னவனே நிற்கட்டும். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிறு அன்று உதய்க்கு எதிரே சந்தீப். சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலை செய்பவன், ஒன்பது கிலோ கூடுதல். பயிற்சி ஆட்டம், மூன்று ரவுண்டு. உதய் தன் வாட்சைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"ஒழுங்கா மணி அடிங்க ஜெயந்த்தா. சுந்தரேசன் மாதிரி அடிச்சிடாதீங்க."

"அடிக்க மாட்டேன்" என்றேன்.

முதல் இரண்டு ரவுண்டும் சரியாக மூன்று நிமிடம். இரண்டும் உதய்க்குத்தான். சந்தீப்பின் கை காற்றில்தான் போனது. மூன்றாவது தொடங்கியது.

மூன்று நிமிடம் என்பது வாட்ச் இல்லாதவனுக்குத் தெரியாது. ரிங்கைச் சுற்றிக் கத்திக்கொண்டு இருப்பவனுக்குச் சுத்தமாகத் தெரியாது. மூன்றைத் தாண்டி முப்பது நொடியில் உதயின் கால் நின்றது. மூன்று நிமிடத்துக்கென்று வைத்திருந்த மூச்சைச் செலவழித்து முடித்திருந்தான். நான்காவது நிமிடத்தில் சந்தீப் அவனைக் கயிற்றில் சாய்த்தான். ஷ்யாமல்தா திரும்பி என்னைப் பார்த்தார். நான் உள்ளங்கையைக் காட்டினேன், இன்னும் இருக்கிறது என்று. பதினொரு வருடம் தவறாத கை அது. அவர் மறுபடி ரிங்கைப் பார்த்தார். ஐந்தாவது நிமிடத்தில் இன்னொரு முறை பார்த்தார். மறுபடி காட்டினேன்.

உதயும் பார்த்தான். சந்தீப்பின் தோளுக்கு மேலாக, ஒரு கண் மூடியிருந்தது, இன்னொன்று என்மேல் இருந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கணக்குப் போடத் தெரிந்த பையன். கையை இறக்கியிருக்கலாம், மண்டி போட்டிருக்கலாம். போடவில்லை. ஆறு நிமிடம் ஆனபோதும் நின்றுகொண்டுதான் இருந்தான். பத்தொன்பதாவது நொடியில் மணி அடித்தேன். சந்தீப் கையை இறக்கினான். உதய் தன் மூலைக்கு நடந்து போய், முக்காலியில் உட்காரப் போனவன், முக்காலியைத் தாண்டி உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மறுநாள் மதியம் போய்விட்டான்.

பதிவேட்டில் மூன்று நிமிடம் என்று எழுதினேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. சந்தீப் இப்போது வேலைக்குப் போவதில்லையாம். உதயின் அக்கா சுபிக்ஷா ஆம்பூரிலிருந்து வந்திருந்தாள். "ரொம்ப நேரம் அடி வாங்கினானாண்ணா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பிஸ்கட் டப்பாவில் இருந்த அவனுடைய வாட்சை நான்தான் அவள் கையில் கொடுத்தேன்.

இப்போது கிடங்கில் முள்ளைப் பார்த்தால் அந்த ஒற்றைக் கண் தெரிகிறது. திட்டுவதில்லை, கெஞ்சுவதில்லை. எவ்வளவு ஆச்சு என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் சரியான நேரத்தை எழுதிக் கொடுக்கிறேன். ஆறு நிமிடம் பத்தொன்பது நொடி. நான் பார்த்த யாரும் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

இன்னொரு விஷயம். உங்களிடம் வருவதற்கு முன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை. அவர் நடுங்காத குரலில் பேசினார்.

"எட்டாவது ரவுண்டுலயே பர்மாக்காரனுக்குக் கண்ணு சொருகிடுத்துடா. அவன் விழமாட்டேங்கறான், நான் நிறுத்த முடியாது. சுந்தரேசனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவனுக்குப் புரிஞ்சுடுத்து, மணியை அடிச்சுட்டான். மூணு தடவையும் நான்தான் ஆட்டினேன். அந்தப் பையன் உன்னைப் பார்க்கலையா?"

டாக்டர் சீட்டை இதோடு இணைத்திருக்கிறேன். அப்பாவுக்கு ஞாபகம் சரியில்லை. அவர் சொன்னதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம்.