ட்றையருக்குள்ள சிவப்பரிசி

...அநியாயம் தம்பி, அநியாயம்! துணி காயவைக்கிற ட்றையருக்குள்ள நாலு அரிசி கிடந்ததாம், அதுக்கு உங்கட வீட்டுக்கு எச்சரிக்கைக் கடிதமாம்! இண்டைக்கு ஏழு மணிக்கு பில்டிங் பெஸ்ட்யூரல்ஸ, அதான் நிர்வாகக் குழு, கூடி, ரெண்டு மாசத்துக்கு உங்கட சலவை அறைத் திறப்பைப் பறிக்கப் போகினமாம். மூண்டு மாசக் குழந்தையை வச்சுக்கொண்டு உங்கட மனுசி அனுபமாப் பிள்ளை எங்க தோய்க்கிறது? இந்த டென்மார்க் பிரெடெரிசியாக் குளிருக்க பல்கனியில காயப்போட்டால் பிள்ளையின்ர துணி பலகை மாதிரியெல்லோ நிக்கும்!

எல்லாம் அந்தத் தலைவி மரினா செய்யிற வேலை. ஆராவது சைக்கிளைச் சரிச்சு விட்டாலே துண்டு ஒட்டுறவள். அரிசி எண்டால் தமிழ் ஆக்களாம். இந்தப் படிக்கட்டுப் பக்கம் தமிழ் வீடு ரெண்டு. ஒண்டு நாங்கள், இருவத்தெட்டு வருசம். மற்றது நீங்கள், ஆறு கிழமை. அப்ப நீங்கள்தானாம்! என்ன கதை இது?

பயப்பிடாதேங்கோ, கூட்டத்தில நான் கதைக்கிறன். இந்த சிவானந்தத்தின்ர சொல்லுக்கு இஞ்ச ஒரு மரியாதை இருக்கு. துவக்குச் சுடுற சங்கத்தில பதினொரு வருச மெம்பர்... ஓம், துவக்கு! ஏன் முழுசுறியள்? லைசென்ஸ் இருக்கு. ஆயிரத்தி எண்ணூத்தி எண்பத்தொம்பதாம் ஆண்டு மொடல், டெனிஷ் ஆமிக்காரன் வச்சிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இழுத்து அடிக்கவேணும். "வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்து அகதியா அசூல் கேட்ட மனுசன், இப்ப ஞாயிறு ஞாயிறு காசு குடுத்து வெடி வைக்குது" எண்டு என்ர மனுசி யோகமலர் சொல்லுவா. சொல்லட்டும்.

ஆனா தம்பி, அதுக்குத் தோட்டா இப்ப எந்தக் கடையிலயும் எடுக்கேலாது. சுட்ட வெறுங்கோதைப் பொறுக்கி, கழுவி, வெடிமருந்து போட்டு, குண்டு வச்சு, நாங்களே திரும்பச் செய்யவேணும். பித்தளைக் கோது, கறுத்திடும். சங்கத்தில டானியல் எண்டொருத்தன் அதை மினுக்கவெண்டே மிசின் வாங்கி வச்சிருக்கிறான். எனக்கேன் மிசின்? குத்துவிளக்கு மினுக்கிற ஆக்களுக்குப் படிப்பிக்கிறதோ? பழப்புளி! நூற்றியிருவது கோதையும் பழப்புளி போட்டு உரஞ்சினன். தங்கம்! டானியல் வாயைப் பிளந்திட்டான்.

ஆனா உள்ளுக்க ஈரம் இருக்கப்படாது. ஞாயிறு போட்டி வேற. அப்ப என்ன செய்தனான்... ஒரு தலையணை உறைக்குள்ள கோதைப் போட்டு, ஈரத்தை உறிஞ்சட்டுமெண்டு ரெண்டு கிலோ... ம்ஹும், அது வேற கதை. விடுங்கோ.

எங்க விட்டனான்? ஓம், மரினா. கடிதத்தோட படமும் வந்ததோ? காட்டுங்கோ பாப்பம்... ம்ம்... சிவப்பா இருக்கு என்ன? நீங்கள் வெள்ளைப் பொன்னியோ சாப்பிடுறனீங்கள்? எங்கட ஊர் மொட்டைக்கறுப்பன் சிவப்பரிசியைக் கண்ணாலயும் காணேல்லையோ? அட... டெனிஷ்காரிக்கு அரிசியெல்லாம் ஒண்டுதானே தம்பி...

சரி, சரி! அப்பிடிப் பாக்காதேங்கோ! உறையின்ர தையல் விட்டிட்டுது. நானோ தைச்சனான்? ட்றையர் தடதடதடவெண்டு அடிக்குது, பில்டிங்கே இடியிற மாதிரி! கோதெல்லாம் பொறுக்கிட்டன். அரிசிதான் ஓட்டை ஓட்டையாப் போய் ஒளிச்சிட்டுது. தோட்டாக் கோதைப் பொது ட்றையருக்க போட்டனெண்டு பொலிசுக்குத் தெரிஞ்சால் லைசென்ஸ் போகும், துவக்கும் போகும். பதினொரு வருசம் தம்பி! அதாலதான், ஆரும் என்னைச் சந்தேகிக்க முதல், நான் முந்திக்கொண்டு...

மரினாவுக்குப் பேர் போடாமல்தான் எழுதினனான்! "ட்றையருக்குள்ள அரிசி, ஆரெண்டு கண்டுபிடிக்கவும்." ரெண்டே வரி. உங்களை நினைச்சே பாக்கேல்லை, பிள்ளையாராணை! அந்த ரெண்டு மாசத் தண்டனையோ... அது... ஒரு யோசனையாக் கடைசியில சேர்த்தனான். அதை அப்பிடியே எடுப்பினமெண்டு ஆர் கண்டது?

எங்க எழும்பிறியள்? இருங்கோ! ரெண்டு மாசமும் பிள்ளையின்ர துணியை நானே தோய்ச்சு, இஸ்திரி போட்டு, மேல கொண்டந்து தாறன்! தம்பி... படியில இப்பிடி ஓடாதேங்கோ! உங்கட வீடு மூண்டாம் மாடியெல்லோ, ஏன் ரெண்டாவதில நிக்கிறியள்? அது மரினாட கதவு... பெல்லை அமத்தாதேங்கோ ராசா, கையெடுத்துக் கும்பிடுறன்...

ஆ... ஹை, மரினா! தம்பி உங்களோட ஏதோ கதைக்கவேணுமாம். நான் பிறகு வாறன்.